படிக்க முடியாத கணக்கு யாருடையது?

மாதந்தோறும் 20ஆம் நாள் ஜி.எஸ்.டி. 3பி படிவத்துக்குக் கடைசி நாள். அதற்கு முந்தைய மாலையில் சித்தூர்க் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடையை எண்ணிப் பார்க்கலாம். சென்னையிலும் வேலூரிலும் வாங்கிய சரக்கின் ரசீதுகள் யாவும் கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. பகுதிநேரக் கணக்கர் திருப்பதியில் வேறு இரண்டு கடைகளின் வேலையை முடித்துக்கொண்டு ஏழு மணிக்கு வந்து சேர்கிறார். டாலியை இயக்கி நிறுவனத்தின் பெயரைத் தேர்கிறார். கணக்குத் திறக்கவில்லை. உள்ளே ஏதோ பிழை, நிர்வாகியைத் தொடர்புகொள்க என்னும் பொருளில் ஓர் ஆங்கில வரி மட்டும் திரையில் நிற்கிறது.

கெடு தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். செலுத்த வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி. இது தாங்கக்கூடிய இழப்பு. தாங்க முடியாதது வேறு. எந்தக் கொத்தனார் எவ்வளவு பாக்கி, எந்த மொத்த வணிகருக்கு எவ்வளவு தரவேண்டும், கிடங்கில் என்ன இருப்பு, சென்ற ஆண்டு எந்தச் சரக்குக்கு எந்த மாநிலத்தில் வரி கட்டப்பட்டது என்ற அனைத்தும் அந்தத் திறக்காத கோப்புக்குள் இருக்கின்றன. கடன்பட்டவர் ‘கணக்கைக் காட்டுங்கள்’ என்று கேட்டால் கடைக்காரரிடம் காட்ட ஒன்றுமில்லை.

இந்த நிகழ்வு கணினிக் கோளாறாகவே எங்கும் பேசப்படுகிறது. கோளாறுதான், ஐயமில்லை. ஆனால் கோளாறு நீங்கிய பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கணக்கின் உடைமையாளர் ஒருவர். அதைப் படித்துக் காட்டும் ஆற்றல் வேறொன்றின் கையில். அப்படியானால் அந்தக் கணக்கு யாருடையது?

முதலில் கோளாற்றைப் பார்ப்போம். 1986இல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்தின் டாலி மென்பொருள், இந்தியச் சிறுவணிகத்தின் பொதுவழக்காகவே ஆகிவிட்டது. ‘டாலி தெரியுமா?’ என்ற கேள்விக்குக் கடைத்தெருவில் ‘கணக்கு எழுதத் தெரியுமா?’ என்பதே பொருள். அதில் ஒரு நிறுவனத்தின் கணக்கு ஒரே ஏடாக இருப்பதில்லை. 10000, 10001 போன்ற எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறைக்குள் பல கோப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது. டாலி 7.2இல் அக்கோப்புகளின் பெயர் .500 என்று முடிந்தது, இ.ஆர்.பி. 9இல் .900, டாலி பிரைமின் புதிய வெளியீடுகளில்.1800. நிறுவனத்தின் விவரம் ஒரு கோப்பில், பேரேட்டுத் தலைப்புகள் ஒன்றில், வவுச்சர்கள் ஒன்றில், இவற்றை இணைக்கும் குறிப்புகள் மற்றொன்றில் என்று அமைகின்றன. ஒன்று சிதைந்தாலும் மற்றவை நலமாக இருந்தும் பயனின்றிப் போகலாம்.

சிதைவுக்குக் காரணங்கள் பெரும்பாலும் எளியவை. பதிவாகிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் நிற்கும். கணக்கைப் பென் டிரைவிலேயே வைத்து வேலை செய்துவிட்டு அதை அவசரமாகப் பிடுங்குவார்கள். இரண்டு கணினிகள் ஒரே கோப்புறையைப் பகிரும்போது இடையிலுள்ள வயர் தளர்ந்துவிடும். இணையச் சேமிப்பகத்தோடு தானாக ஒத்திசையும் கோப்புறைக்குள் கணக்கு இருந்து, ஒரே நேரத்தில் இரு இடங்களில் திறக்கப்படும். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு கோப்பைப் பகையென்று கருதி ஒதுக்கிவைக்கும். வன்தட்டு நிரம்பிவிடும்.

கோப்பு சிதையாமலே திறக்காதிருப்பதும் உண்டு. இதுவே முதலில் சோதிக்கத்தக்கது. விண்டோஸ் புதிதாக நிறுவப்பட்டபின் மென்பொருள் வேறொரு கோப்புறையைத் தேடிக்கொண்டிருக்கும். நிறுவனப் பட்டியல் வெறுமையாகத் தோன்றும். கணக்கோ பழைய இடத்தில் பத்திரமாக இருக்கும். புதிய வெளியீட்டுக்கு மாற்றப்பட்ட கணக்கைப் பழைய வெளியீடு திறக்காது. ஆகவே ஆடிட்டர் அலுவலகத்தில் திறந்து மாற்றிய கணக்கு கடைக்குத் திரும்பியதும் ஊமையாகிவிடும். டாலி வால்ட் கடவுச்சொல் இட்டுப் பூட்டிய நிறுவனத்தின் பெயரும்கூட உடுக்குறிகளாகவே தோன்றும். அக்கடவுச்சொல்லை மறந்தவருக்கு மீட்பு வழியில்லை. இந்த மூன்று நிலைகளிலும் ‘கோப்பு கெட்டுப்போனது’ என்ற முடிவு தவறானது.

எனவே செய்யவேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. அதை மீறும்போதுதான் மீட்கக்கூடிய கணக்கும் அழிகிறது. மென்பொருளை மூடிவிட்டு, அந்த எண்ணிட்ட கோப்புறை முழுவதையும் வேறோர் இடத்துக்கு நகலெடுப்பது முதற்பணி. இனி எதைச் செய்தாலும் நகலின் மீதுதான். அடுத்து இடமும் வெளியீடும் சரிதானா, வேறு கணினியில் அதே நிறுவனம் திறந்திருக்கிறதா, வன்தட்டில் இடம் இருக்கிறதா, எழுதும் அனுமதி உண்டா என்று பார்க்கவேண்டும். அதன்பின்னரே பழுதுநீக்கும் வசதியை நாடலாம், இ.ஆர்.பி. 9இல் அது கன்ட்ரோல், ஆல்ட், ஆர் என்ற மூன்று விசைகளில் இருந்தது. அது கணக்கை மறுபடியும் எழுதும் வேலை. தன்னால் படிக்க முடியாத பதிவுகளை அது விட்டுவிடவும் கூடும். ஆகவே திறந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் வவுச்சர்களின் எண்ணிக்கையையும் இருப்பாய்வையும் பழைய அச்சுப்படியோடு ஒப்பிடவேண்டும். பேக்கப்பிலிருந்து மீட்பதாயின், அதை வேறு கோப்புறையில் மீட்கவேண்டும். பழைய பேக்கப்பை நடப்புக் கணக்கின் மேலேயே இறக்கி, இடைப்பட்ட மாதங்களைத் தம் கையாலேயே அழித்துவிட்டவர்கள் உண்டு.

ஒப்பிடுவதற்கு அச்சுப்படி இருக்கிறதா என்பதில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. பெரும்பாலான கடைகளில் இல்லை. பேக்கப்பும் அதே மென்பொருள் மட்டுமே பிரிக்கவல்ல ஒரு கட்டு. பூட்டிய பெட்டிக்குக் காப்பாக இன்னொரு பூட்டிய பெட்டி.

திரையில் தோன்றிய அந்த வரிக்குத் திரும்புவோம். ‘நிர்வாகியைத் தொடர்புகொள்க’ என்பது ஓர் ஏவல். ஏவல் பொருள்பட வேண்டுமெனில் அதை ஏற்பவரும் அதில் சுட்டப்படுபவரும் இருக்கவேண்டும். பெருநிறுவனத்தில் நிர்வாகி என்றொருவர் தனியறையில் அமர்ந்திருப்பார். இரும்புக்கடையில் முதலாளி, அவர் மகன், சுமை தூக்கும் இருவர், மாலையில் வரும் கணக்கர் ஆகியோரே உள்ளனர். அந்த வாக்கியம் இல்லாத ஒருவரைச் சுட்டுகிறது. அதன் மொழியும் வீட்டு மொழியன்று. சித்தூரில் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, கணினியில் ஆங்கிலம் என்று ஒரே நாளில் மும்மொழி புழங்குவோர் பலர். 2006இல் வந்த டாலி 9 இந்திய மொழிகளிலும் இயங்கியது. ஆயினும் மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. ‘நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்’ என்று தமிழில் வந்தாலும் அங்கே நிர்வாகி இல்லை. எந்தக் கோப்பு, எந்த நாள்வரை நலமாக உள்ளது, எதைத் தொடக்கூடாது என்று சொல்லும் வாக்கியமே அக்கடைக்காரரின் மொழி.

இப்பகுதிக்கு இந்நிலை புதிதன்று. மென்பொருள் வருவதற்கு முன்பும் கணக்கைத் தம்மிடமே வைத்துக்கொண்ட ஒருவர் ஊர்தோறும் இருந்தார். தமிழில் கணக்குப்பிள்ளை, தெலுங்கில் கரணம், இருமொழிப் பேச்சிலும் கர்ணம். நிலத்தின் அளவு, சாகுபடி, தீர்வை யாவும் அவர் எழுதிய சிட்டாவிலும் அடங்கலிலும் இருந்தன. வழிவழியாக வந்த பதவியாதலின் ஏடுகள் வீட்டுச் சொத்துப்போல் பரண்மேல் இருந்தன. உழுதவன் தன் நிலத்தைப் பற்றிய செய்தியை அறிய அவர் வாசலில் நிற்கவேண்டும். வழிவழிக் கிராம அலுவலர் பதவிகளைத் தமிழ்நாடு 1980 நவம்பரிலும் ஆந்திரப் பிரதேசம் 1984 சனவரியிலும் ஒழித்தன. எம்.ஜி.ஆர். அரசும் என்.டி.ஆர். அரசும் நான்காண்டு இடைவெளிக்குள் ஒரே முடிவுக்கு வந்ததற்குப் பல காரணங்கள் கூறப்படலாம். ஊர்க்கணக்கு ஒரு குடும்பத்தின் கைப்பிடியில் இருக்கலாகாது என்பது அவற்றுள் முதன்மையானது. கர்ணம் போனார், அவருடைய இடம் போகவில்லை. இன்று அந்த இடத்தில் ஒரு கோப்பு வடிவம் அமர்ந்திருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைப் புறந்தள்ள இயலாது. கணக்கைப் பிற மென்பொருளால் திறக்கமுடிந்தால் திருத்தவும் முடியுமன்றோ? பூட்டிய வடிவமே மோசடிக்குத் தடை. நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் சுவடும் பதிவாகவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் நோக்கமும் இதுவே. நியாயமான வாதம். ஆனால் திருத்தமுடியாமை வேறு, படிக்கமுடியாமை வேறு. முன்னது கணக்கின் காவல். பின்னது கணக்கின் சாவு. இவ்விரண்டும் வேறு என்பதற்குத் திருமலைக் கோயிலின் சுவர்களே சான்று.

அச்சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் மிகப்பல தமிழில் அமைந்தவை. தேவஸ்தானம் 1930களில் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. பக்திப் பாடல்களை எதிர்பார்த்து அவற்றைத் திறப்பவர் காண்பது கணக்கு. ஒருவர் ஸ்ரீபண்டாரத்தில் இவ்வளவு பணம் செலுத்தினார். அப்பணம் கோயில் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவாகும். அதனால் மிகும் விளைச்சலிலிருந்து நாள்தோறும் இவ்வளவு அரிசி, நெய், பயறு, மிளகு, உப்பு, தயிர் கொண்டு அமுதுபடி நடக்கும். படைத்த பிரசாதத்தில் கொடையாளிக்குரிய பங்கு இவ்வளவு என்று வரிசையாகச் செல்கின்றன. அப்பங்கின் பெயர் விட்டவன் விழுக்காடு. இன்று வட்டியையும் வரியையும் சொல்ல நூற்றுமானப் பொருளில் வழங்கும் ‘விழுக்காடு’ அங்கே சோற்றுப் பங்காக நிற்கிறது. முடிவில், ஸ்ரீவைஷ்ணவர்களின் பணிப்பால் கோயில்கணக்கு திருநின்றவூருடையான் எழுதியது என்ற குறிப்பு பல கல்வெட்டுகளில் வரும். எழுதியவர் கணக்கர், ஆயினும் கணக்கு அவர் வீட்டுப் பரணில் இல்லை. யாவரும் காணும் சுவரில் இருக்கிறது. உளியின்றி ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. மாற்றினால் வடு தெரியும். படிக்கவோ எழுத்தறிவு ஒன்றே போதும்.

அதே கணக்கு ஒரே வடிவத்தில் அடைபட்டும் கிடக்கவில்லை. 1513இல் கிருஷ்ணதேவராயர் திருமலைக்கு வந்து அளித்த கொடைகள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பொறிக்கப்பட்டன. மூன்று மொழிகளில் யார் வந்தாலும் ஒரு மொழியிலாவது படிக்கட்டும் என்ற ஏற்பாடு அது. காட்பாடிக்கு அணித்தாக உள்ள திருவல்லத்தில் கோயிலைப் புதுப்பித்தபோது, பழைய கல்லில் இருந்ததைப் புதிய கல்லில் படியெடுத்து, இது பழங்கல்லின் படி என்ற குறிப்பையும் சேர்த்தே வெட்டினார்கள். கட்டடம் மாறும்போது கணக்கைப் புதிய கல்லுக்கு மாற்றவேண்டும், மாற்றியதைச் சொல்லவும் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கணினி மாறும்போது இன்று தவறவிடப்படுவது இதுவே.

அன்னமாச்சாரியரின் கீர்த்தனைகள் பொறித்த செப்பேடுகள் திருமலைக் கோயிலின் ஓர் அறைக்குள் நூற்றாண்டுகள் கிடந்தன. 20ஆம் நூற்றாண்டில் அவை வெளிவந்தபோது தெலுங்கு படிக்கத் தெரிந்தவர் படித்தார். அறை பூட்டியிருந்தது, எழுத்து பூட்டியிருக்கவில்லை. அவ்வளவே வேறுபாடு. இன்றைய கடைக் கணக்கில் அறை திறந்தே கிடக்கிறது, எழுத்துத்தான் பூட்டியிருக்கிறது.

‘கணக்கு’ என்ற சொல்லே இதை நினைவூட்டும். பழந்தமிழில் அது எண்ணலை மட்டும் குறிக்கவில்லை. எழுத்தையும் நூலையும் குறித்தது. மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்பன நூல் தொகைகளின் பெயர்கள். கணக்காயர் என்பார் எழுத்தறிவிக்கும் ஆசிரியர். பற்றுக்கும் வரவுக்கும் தமிழ்க் கணக்கர் வைத்திருந்த குறிகளான ௶, ௷ ஆகியவை 2003இல் யூனிகோடில் இடம்பெற்றன. முந்திரி முதலிய பின்னங்களின் குறிகள் 2019இல் சேர்ந்தன. அதனால் ஒரு பழைய மண்டிக் கணக்கை எந்த நாட்டில் எந்தக் கணினியில் தட்டெழுதினாலும் பற்று பற்றாகவே தோன்றும். எந்த எண் எந்தக் குறி என்பது பொதுவில் எழுதிவைக்கப்பட்டுள்ளது என்பதே அதற்குக் காரணம். கைவிடப்பட்ட குறிகளுக்குக் கிடைத்த இந்த வாய்ப்பு நேற்று எழுதிய வவுச்சருக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின்படி ஓர் ஆண்டின் கணக்கை, அவ்வாண்டுக்கான ஆண்டறிக்கையின் கெடுவிலிருந்து 72 மாதங்கள் காக்கவேண்டும். 2017-18க்கான கெடு 2020 பிப்ரவரி வரை நீண்டதால், அக்கணக்கை 2026 பிப்ரவரி வரை வைத்திருக்கவேண்டியிருந்தது. நிறுவனச் சட்டம் எட்டு நிதியாண்டுகள் என்கிறது. இந்த எட்டாண்டுக்குள் கணினி மாறும், மென்பொருள் வெளியீடு பலமுறை மாறும், கணக்கரும் மாறுவார். அதிகாரி கேட்டால் அச்சிலோ மின்வழிப் படிக்கத்தக்க வடிவிலோ காட்டவேண்டும் என்றும், கோப்புகளின் கடவுச்சொற்களையும் குறியீடுகளின் விளக்கத்தையும் தரவேண்டும் என்றும் ஜி.எஸ்.டி. விதி 57 சொல்கிறது. அதாவது அதிகாரிக்குப் படிக்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. உடைமையாளருக்கு அது மென்பொருளின் தயவில் விடப்பட்டிருக்கிறது.

பிற நாடுகள் ஒரு படி முன்சென்றுள்ளன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2005இல் வரித் தணிக்கைக்கான பொதுக் கோப்பு வடிவம் ஒன்றை வெளியிட்டது. போர்ச்சுகல் அதை 2008இல் நடைமுறைப்படுத்தியது. நார்வே 2020இல் கட்டாயமாக்கியது. எந்த மென்பொருளில் எழுதினாலும் கேட்கும்போது அப்பொதுவடிவில் கணக்கை வெளியிட வேண்டும். மென்பொருள் நிறுவனத்தின் தொழில் கெடவில்லை. கணக்கின் பூட்டு மட்டும் போயிற்று. இந்தியச் சிறுவணிகரின் பேரேட்டுக்கும் அத்தகைய வடிவத்தை வரித்துறை வகுக்கவேண்டும். எழுதுவதற்குப் பூட்டு இருக்கட்டும். படிப்பதற்குத் திறப்பு இருக்கவேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. டாலியிலேயே அறிக்கைகளை எக்செல், பி.டி.எஃப்., எக்ஸ்.எம்.எல். ஆகிய வடிவங்களில் வெளியெடுக்கும் வசதி பல்லாண்டுகளாக உள்ளது. மாதம் முடிந்ததும் அம்மாதத்தின் டே புக், பேரேட்டுத் தலைப்புகள், இருப்பாய்வு, பாக்கிப் பட்டியல் ஆகிய நான்கையும் வெளியெடுத்துக் கடைக்கு வெளியே ஓரிடத்தில் வைப்பது அரைமணி நேர வேலை. அதில் ஒரு படி கணினியோடு இணைந்திராததாக இருக்கவேண்டும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை, ஆந்திரக் காவல்துறையின் கணினிகளைத் தாக்கியபோது சித்தூர் மாவட்டமும் தப்பவில்லை. காவல்நிலையத்தின் கோப்பைப் பூட்டியது கடையின் கோப்பையும் பூட்டும். இணைந்திருக்கும் பேக்கப்பையும் சேர்த்தே பூட்டும்.

ஆண்டுக்கொருமுறை இன்னொன்றும் செய்யலாம். அந்தப் படியை, டாலி இல்லாத வேறொரு கணினியில், கணக்கர் அல்லாத ஒருவரைக் கொண்டு திறந்து படிக்கச் சொல்லவேண்டும். கடைக்காரரின் மகளோ மகனோ போதும். கொத்தனாரின் பாக்கி எவ்வளவு என்று அவரால் சொல்ல முடிந்தால் அது அந்தக் கடையின் கணக்கு. சொல்ல முடியாவிட்டால், கடை அவர்களுடையது, கணக்கு அவர்களுடையதன்று.